நெப்ராஸ்கா நிலக்கோப்பிலிருந்து போஹீமிய வீட்டு எண் வரை

இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதியான போஹீமியாவின் விவசாயக் குடும்பத்தின் வேர் தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே செக் நாட்டுப் பதிவேடுகளைத் திறந்துவிடுகிறார்கள். அவை தேவாலயப் பங்குவாரியாக இருப்பதால் ஊர்ப் பெயர் தெரியாமல் ஒரு அடியும் நகராது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் சலீன் கவுண்டியில் குடியேறிய குடும்பத்துக்கு நாங்கள் போன வழி இது.

1870, 1880 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பிறந்த இடம் 'போஹீமியா' என்பதோடு சரி. 1890இன் தாள்கள் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. 1900இல் குடியேறிய ஆண்டு கிடைக்கும். 1906க்கு முந்தைய குடியுரிமைத் தாளில், விசுவாசத்தைத் துறந்த அரசராக ஆஸ்திரியப் பேரரசர் இருப்பார், ஊர் அநேகமாக இருக்காது.

கைகொடுப்பது நிலக்கோப்பு, அதாவது அரசு நிலம் பெறக் கொடுத்த தாள்களின் கோப்பு. 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தவருக்கு 160 ஏக்கர் வரை சொந்தமானது. பட்டா நகல் இணையத்தில் இலவசம், ஆனால் அதில் சரக்கு குறைவு. அதிலுள்ள செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எனும் நில அடையாள எண்களைக் கொடுத்து, வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திடம் முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். வீட்டின் அளவு, உழுத ஏக்கர், குடியுரிமைத் தாளின் நகல், சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாம் அதற்குள் இருக்கும். சாட்சிகளை விட்டுவிடாதீர்கள். பக்கத்து நிலத்துக்காரர்கள் பல நேரம் பழைய ஊர்க்காரர்களேதான். நம் ஆளின் கல்லறையில் ஊர் இல்லையென்றால் சாட்சியின் கல்லறையைப் பாருங்கள். கல்லறையில் 'ரோஸெனா' என்ற செக் சொல்லை அடுத்து வருவது பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர்.

ஹாம்பர்க் வழியாக வந்தவர்களுக்கு 1850 முதலான கப்பல் பட்டியல்கள் உண்டு, பலவற்றில் சொந்த ஊரும் இருக்கும். ப்ரேமன் பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

ஊர் கிடைத்தாலும் அவசரம் வேண்டாம். ல்ஹோட்டா என்ற பெயரில் மட்டும் நூற்றுக்கணக்கான ஊர்கள். மாவட்டமோ பக்கத்து ஊரோ சேர்ந்து பொருந்த வேண்டும்.

தென் போஹீமியா என்றால் ட்ரெபோன் காப்பகம், மேற்கு என்றால் பில்சன். ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகளை இணையத்திலேயே புரட்டலாம், கட்டணமில்லை. 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் இட்ட ஆணைக்குப் பிறகு பதிவுகள் கட்டம் போட்ட படிவத்தில் சீராகின்றன. கூர்ரண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்துக்குத்தான் கண் பழக வேண்டும். பழைய பெயர் அகரவரிசைப் பட்டியல்களில் குடும்பப் பெயரை விட்டு முதற்பெயர்ப்படி அடுக்கியிருப்பதும் உண்டு. ஜெர்மன் காதில் விழுந்தபடி எழுதியதால் 'ப'வும் அதன் அழுத்த ஒலியும் (p, b) இடம் மாறியிருக்கும். இரண்டுக்கும் ஒரே எழுத்து வைத்திருக்கும் நமக்கு இது பெரிய சிரமமில்லை.

அமெரிக்காவில் 'ஜேம்ஸ்' ஆனவர் போஹீமியப் பதிவேட்டில் வாட்ஸ்லாவாக இருக்கக்கூடும். ஒரே ஊரில் அதே பெயரில் மூவர் இருந்தால் பிரித்துக் காட்டுவது வீட்டு எண்தான். ஒவ்வொரு பிள்ளையின் பதிவிலும் எண்ணையும் தந்தையின் நிலையையும் சேர்த்தே குறியுங்கள். செட்லாக் முழு நிலத்துக்காரர், ஹலுப்னிக் சிறு நிலத்துக்காரர், பொட்ருஹ் அடுத்தவர் வீட்டில் ஒண்டிக் குடியிருந்தவர். பொட்ருஹ் குடும்பத்துக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு எண் வரும். அங்கே எண்ணை விட்டு, தாயின் தந்தை பெயரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.