நகத்தைப் பிடுங்க வேண்டாம், ஓட்டை போட்டால் போதும்

ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரை இடம் மாற்றும்போது அதன் இரும்புக் கால் என் கால் பெருவிரல் மேல் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நகம் நாவல்பழ நிறமாகிவிட்டது. ரத்தம் நகத்துக்கு அடியில் தேங்கி, வெளியேற வழியில்லாமல் சதையை அழுத்தும். அந்த விண்விண் துடிப்பில் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வேறு. மார்த்தாண்டம் பக்கம் திறந்திருந்த ஒரு தனியார் கிளினிக்கில் விரலை எட்டிப் பார்த்ததுமே, "முழு நகத்தையும் எடுத்துரணும், முன்பணம் கட்டுங்க" என்றார்கள். எக்ஸ்ரே பேச்சே இல்லை. நகத்தின் ஓரம் கிழியாமல் ஒட்டியிருக்கிறதே, ஓட்டை போட்டு ரத்தத்தை விட முடியாதா என்று கேட்டேன். "அதெல்லாம் இங்க செய்யறதில்ல." பார்த்ததற்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார்கள், ரசீது கிடையாது.

அத்தை விடவில்லை, நாட்டு வைத்தியம் பார்க்கும் வர்ம ஆசானிடம் கூட்டிப்போனார். எண்ணெய்க் கட்டுதான் போடுவார் என்று நினைத்தேன். அவரோ விரலை மடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது எண்ணெய்க்குக் கேக்காது மக்கா, ரத்தத்தை வெளிய விடணும். முதல்ல எலும்பைப் படம் எடுத்துப் பாரு" என்று அனுப்பிவிட்டார். காசும் வாங்கவில்லை!

அடுத்து அரசு ஆஸ்பத்திரி. சீட்டு கொடுக்கும் இடத்தில், "ஓ.பி. இல்ல, நாளைக்குக் காலையில வாங்க" என்று சன்னலைச் சாத்தப் போனார் ஒருவர். அப்படிச் சொன்னால் திரும்பிவிடாதீர்கள். அவசரப் பிரிவு எந்த நேரமும் உண்டு, நேராக அங்கே போங்கள். ரத்தம் உறைந்துவிட்டால் ஓட்டை போட்டும் பெரிதாகப் பயனிருக்காது. ஓரிரு நாளுக்குள் செய்தால்தான் நல்லது. எக்ஸ்ரே எடுப்பவர் சாப்பிட்டு வரும்வரை காலை உயரத் தூக்கி வைத்துக் காத்திருந்தேன். தொங்கப் போட்டால் துடிப்பு கூடும்.

எலும்பு முறியவில்லை. அப்புறம் நடந்தது சில நிமிட வேலைதான். விரலைச் சுத்தம் செய்து, தடித்த ஊசியின் முனையை நகத்தின் மேல் வைத்து மெல்லத் திருகினார் டாக்டர். நகத்தில் நரம்பு கிடையாது என்பதால் மரத்துப்போகும் ஊசிகூடப் போடவில்லை. கறுப்பு ரத்தம் குபுக்கென்று வந்தது, வலி அந்த நொடியே இறங்கியது. டி.டி. ஊசி போட்டு, துணி வைத்துத் தளர்வாகக் கட்டினார்கள்.

வீட்டில் குண்டூசியைச் சுட வைத்துக் குத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முக்கியமாகச் சர்க்கரைக்காரர்கள். நகம் கிழிந்திருந்தாலோ விரல் நுனி கோணியிருந்தாலோ அது ஆஸ்பத்திரி வேலைதான். ஓட்டை ஆறும்வரை குளத்திலும் கடலிலும் காலை நனைக்கக் கூடாது.

இப்போது அடியிலிருந்து புது நகம் ஏறி வருகிறது, கறுப்பு முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. கால் பெருவிரல் நகம் முழுசாக வளர 12 முதல் 18 மாதம் ஆகுமாம். கறுப்பு நகராமல் ஒரே இடத்தில் நின்றாலோ, அடிபடாமலே நகத்தில் கறுப்புக் கோடு வந்தாலோ தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.