வெள்ளத்தில் முங்கிய வண்டிக்கு ஆயில் மாற்றியபின் அளவு பார்த்த கதை

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் இறங்கியபோது, கடலூரில் ஆற்றை ஒட்டிய பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே வெள்ளம். வாசலில் நின்ற என் பழைய ஸ்ப்ளெண்டர் இன்ஜினுக்கு மேல் முங்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் கிக்கரில் கால் வைக்காமல் தள்ளிக்கொண்டே மஞ்சக்குப்பத்தில் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முங்கிய வண்டியை ஆசைப்பட்டு ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பிளக், கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் வேலையெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொண்டார். நான் சொல்ல வந்தது ஆயிலைப் பற்றி.

ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. மேல் கோட்டைத் தாண்டி ஈரம், பால் ஊற்றிய காபி நிறம். இன்ஜினுக்குள் ஆயில் தானாக அதிகமாகாது. அளவு ஏறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அல்லது கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கசிந்து இறங்கியிருக்கிறது. பெட்ரோல் என்றால் வாசனையே காட்டிக்கொடுக்கும். ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் திறந்ததும் முதலில் விழுந்தது வெறும் தண்ணீர்தான். ஆயிலைவிடக் கனம் என்பதால் அது அடியில் போய் நிற்கிறது. அதன் பின்னால்தான் கொழகொழவென்று ஆயில் வந்தது. கழுவுவதற்கென்று புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டு வடித்தோம். இன்னும் வெளுப்பு இருந்ததால் மறுபடியும் அதையே செய்தோம். வெளுப்பு போன பிறகுதான் ஓட்டுவதற்கான 10டபிள்யூ-30 ஆயில் உள்ளே போனது.

அளவு பார்ப்பதில்தான் நிதானம் வேண்டும். அன்று பட்டறை வாசலில் முங்கிய வண்டிகள் வரிசையாக நின்றன. அவசரத்தில் அவர் சைடு ஸ்டாண்டிலேயே டிப்ஸ்டிக்கை விட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, கம்மியா காட்டுது, இன்னும் ஒரு நூறு மில்லி ஊத்திடறேன்" என்றார்.

"தம்பி, டபுள் ஸ்டாண்ட் போட்டு ஒருதடவை பாத்துடலாம்பா" என்றேன். மறுப்புச் சொல்லவில்லை.

ஸ்ப்ளெண்டரில் டிப்ஸ்டிக் வலது பக்கம் இருக்கிறது. சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாயும், ஆயிலும் இடது பக்கம் ஓடும், வலது பக்கம் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அதிகமாகிவிடும். அதிகமானால் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை உராய்வைத் தடுக்காது. இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்கு ஆயில் ஏறும், சீல் கசியும். முங்கிய வண்டிக்கு இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. சரியான அளவில் தொடங்கினால்தான், உள்ளே எங்காவது தங்கிய தண்ணீர் பின்னால் வந்து கலந்து அளவு ஏறும்போது நம்மால் கண்டுபிடிக்க முடியும்.

வாசல் சாக்கடையை நோக்கிச் சரிவாக இருந்ததால் வண்டியை உள்ளே சிமெண்ட் தரைக்குத் தள்ளினோம். டபுள் ஸ்டாண்ட் போட்டு, மூன்று நிமிடம்போல ஐடிலில் ஓடவிட்டு நிறுத்தினோம். உடனே பார்க்கவில்லை. மேலே சிலிண்டர் ஹெட் வரை போன ஆயில் கீழே இறங்க இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். அப்புறம் டிப்ஸ்டிக்கை பனியன் வேஸ்டில் சுத்தமாகத் துடைத்து, மரையைத் திருகாமல் சும்மா உட்காரவைத்து எடுத்தார். இந்த வண்டியின் கோடுகள் திருகாமல் பார்ப்பதற்கென்று போட்டவை. திருகினால் குச்சி இன்னும் ஆழம் போய்க் கூடுதலாகக் காட்டும். சில வண்டிகளில் திருகிப் பார்க்கச் சொல்வார்கள், பல்சர் மாதிரி வண்டிகளில் கண்ணாடி வழியே பார்க்கலாம். எதுவானாலும் வண்டியோடு வந்த கையேடு சொல்வதுதான் கணக்கு.

புது ஆயில் குச்சியில் சட்டென்று தெரியாது. நிறமே இல்லாதது மாதிரி இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடிக்காமல் லேசாகச் சாய்த்துப் பிடித்தேன். நனைந்த இடம் மட்டும் பளபளத்தது, குறுக்குக் கோடுகளுக்கு மேலே காய்ந்த குச்சி மங்கலாகத் தெரிந்தது. மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது ஆயில். நூறு மில்லி தேவையே இல்லை. பாட்டிலில் மீதி இருக்கிறதே என்றும் ஊற்றக் கூடாது. கையேட்டில் இரண்டு அளவு இருக்கும்: வடித்துவிட்டு ஊற்ற ஒன்று, இன்ஜினைப் பிரித்துப் பூட்டியபின் ஊற்ற ஒன்று. இரண்டாவது பெரியது, அது ஆயில் மாற்றுவதற்கானது இல்லை.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரியாங்குப்பத்தில் இருக்கும் என் மச்சான் காருக்கும் இதே முறைதான், ஆனால் குச்சியை முழுக்க உள்ளே அழுத்திப் பார்க்க வேண்டும். புது ஆயில் ஃபில்டர் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கும் என்பதால் ஓடவிட்டு நிறுத்தியபின் பார்ப்பதுதான் உண்மையான அளவு.

பாண்டிக்குப் போய்வந்து, வண்டி ஆறியதும் திரும்பப் பார்த்தேன். அளவு ஏறவில்லை. டிப்ஸ்டிக் மூடியின் உட்புறம் மட்டும் மெல்லிய வெண்படலம் இருந்தது. அது சூட்டில் எழும்பிய ஈரம். துடைத்துவிட்டு இன்னும் சில நாள் நல்ல தூரம் ஓட்டியதும் அதுவும் நின்றது. ஆனாலும் வழக்கமான கிலோமீட்டர் வரும்வரை காத்திருக்காமல் சீக்கிரமே அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினோம். வடிந்த ஆயிலில் வெளுப்பு இல்லை.