சலோனிகா நாட்குறிப்பு

அக்டோபர் 8, 2024, செவ்வாய்

கிரேக்கத்தின் தெசலோனிகி வந்தாயிற்று. சலோனிகா என்பது இதன் பழைய பெயர். மாலையில் துறைமுகத்தை ஒட்டி நடந்தேன். ஒரு நூற்றாண்டுக்கு முன் இங்கே மூட்டை சுமந்தவர்கள் பேசியது லதீனோ என்ற பழைய ஸ்பானியம். சனிக்கிழமை துறைமுகமே மூடிக்கிடக்கும். சுமைகூலிகள் யூதர்கள், அது அவர்களுடைய ஓய்வுநாள். 1920களில் ஞாயிறு விடுமுறையைச் சட்டமாக்கும் வரை ஊர் முழுவதும் அந்தக் கணக்கில்தான் ஓடியது.

அக்டோபர் 9, புதன்

கிரேக்கத்தில் ஸ்பானியம் வந்தது எப்படி? 1492 மார்ச் 31-ல் கிரானடாவில் ஸ்பெயினை ஆண்ட இசபெல்லாவும் ஃபெர்டினாந்தும் யூதர்களை வெளியேற்றும் ஆணையில் கையெழுத்திட்டார்கள். மதம் மாறினால் இருக்கலாம், மாறாதவர்கள் நான்கு மாதத்தில் நாட்டைவிட்டுப் போக வேண்டும். பொன், வெள்ளி, நாணயம் எதுவும் கொண்டுபோகக் கூடாது. வீட்டையும் தோட்டத்தையும் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுக் கிளம்பினார்கள். போர்ச்சுகலுக்குப் போனவர்களுக்கு 1497-ல் அங்கேயும் கட்டாய ஞானஸ்நானம்.

ஓட்டோமான் சுல்தான் இரண்டாம் பயாசித் கதவைத் திறந்தார். வெறும் இரக்கம் என்று நான் நம்பவில்லை. ஆள் குறைந்திருந்த துறைமுகத்துக்குத் தொழில் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. சுல்தானின் காலாட்படையான ஜானிசரிப் படைக்குக் கம்பளித் துணி நெய்து கொடுத்தே வந்தவர்கள் வரியைக் கழித்தார்கள். தொழுகைக்கூடங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்கள்: அரகோன், காஸ்டீலியா, கட்டலோனியா, லிஸ்பன், மயோர்கா. அடித்துத் துரத்திய ஊர்களின் பெயர்கள்தான்!

அக்டோபர் 11, வெள்ளி

யூத அருங்காட்சியகம். கீழ்த்தளத்தில் உடைந்த கல்லறைக் கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நேராக அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போனேன், அந்தக் கற்கள் நின்ற இடம் அதுதான். பழைய மதிலுக்குக் கிழக்கே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருந்த இடம். இன்று அதன்மேல் வகுப்பறைகள். 2014-ல்தான் ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் இந்த ஊர் யூதர்களைக் கொலை முகாமுக்கு ஏற்றிச்சென்ற ரயில் வண்டிகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். எனக்கு இந்தக் கற்கள்தான் அதிகம் உறுத்துகின்றன. 1912-ல் நகரம் கிரேக்கத்தின் கைக்கு வந்தது. 1917 தீயில் யூதக் குடியிருப்புகளில் பெரும்பகுதி எரிந்துபோனது. 1923 கிரேக்க-துருக்கி மக்கள் பரிமாற்றத்தில் ஆசியா மைனரிலிருந்து அகதிகள் வந்து குவிந்தார்கள். நிலத்துக்குப் பஞ்சம். பல்கலைக்கழகம் இடுகாட்டின் மேல் ஏற்கெனவே கண் வைத்திருந்தது. 1942 டிசம்பரில், நகரைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் நிர்வாகம் தலையசைத்ததும் கடப்பாரையோடு இறங்கியது நகராட்சியின் ஆட்கள். பளிங்கு நடைபாதைக்குப் போயிற்று, நீச்சல் குளத்துக்குப் போயிற்று, புனித திமேத்ரியோஸ் தேவாலயப் பழுதுபார்ப்புக்கும் போயிற்று. செத்தவர்களை முதலில் காலி செய்துவிட்டுத்தான் உயிரோடு இருந்தவர்களிடம் வந்தார்கள். ரயிலுக்கு ஜெர்மானியரைக் கைகாட்டலாம். கல்லுக்கு யாரைக் காட்டுவது?

அக்டோபர் 12, சனி

விடுதலைச் சதுக்கம். 1942 ஜூலை 11, அதுவும் ஒரு சனிக்கிழமை. ஜெர்மானியர் 9,000 யூத ஆண்களை இங்கே வெயிலில் நிற்கவைத்து அடித்தார்கள், தேகப்பயிற்சி என்ற பெயரில் வதைத்தார்கள். பிறகு பலரைக் கட்டாய வேலைக்கு ஓட்டிச் சென்றார்கள். சமூகத்தார் பணயப் பணம் கட்டி மீட்டார்கள். அந்தப் பேரத்தில் இடுகாடும் அடிபட்டது.

ரயில் நிலையத்தருகே பாரோன் ஹிர்ஷ் என்ற யூதக் குடியிருப்பு வேலிக்குள் போனது. 1943 மார்ச் 15-ல் முதல் வண்டி. போலந்தின் கிராகோவில் குடியேற்றப்போகிறோம் என்று சொல்லி, கிரேக்கப் பணமான திராக்மாவை வாங்கிக்கொண்டு, போலந்துப் பணமான ஸ்லோட்டியின் போலித் தாளைக் கையில் கொடுத்தார்கள். ஆகஸ்டுக்குள் ஏறக்குறைய 46,000 பேர். பெரும்பாலானோர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் இறங்கிய நாளிலேயே கொல்லப்பட்டார்கள்.

இங்கே ஜெர்மன் ராணுவ நிர்வாக அதிகாரியாக இருந்த மாக்ஸ் மெர்ட்டனுக்கு 1959-ல் கிரேக்க நீதிமன்றம் 25 ஆண்டு சிறை கொடுத்தது. அதே ஆண்டில் அவர் ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார்.

அக்டோபர் 14, திங்கள்

கடைசியாக ஒரு சிறு கூட்டத்தின் கதை. 1924-ல் ஸ்பெயின் போட்ட ஓர் ஆணையைப் பயன்படுத்தி இந்த ஊர் யூதர்கள் சிலர் ஸ்பானியக் குடியுரிமைப் பத்திரம் வாங்கி வைத்திருந்தார்கள். அக்கறை காட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். 1943-ல் அந்தக் காகிதத்தின் மதிப்பு தெரிந்தது. ஏதென்ஸில் இருந்த ஸ்பானியத் துணைத் தூதர் (கான்சல் ஜெனரல்) ரோமேரோ ரடிகாலெஸ் விடாமல் மல்லுக்கட்டினார். மத்ரித் இழுத்தடித்தது. 367 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பாமல் பெர்கன்-பெல்சன் முகாமுக்கு அனுப்பினார்கள். 1944 பிப்ரவரியில் அவர்கள் ஸ்பெயின் போய்ச் சேர்ந்தார்கள். 452 ஆண்டுக்குப் பிறகு மூதாதையர் மண்! ஆனால் தங்கக் கூடாது, கடந்து போகலாம் என்பதுதான் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவுடைய அரசின் ஏற்பாடு. சில மாதங்களில் மொராக்கோவில் ஓர் அகதி முகாமுக்கு.

2015-ல் ஸ்பெயின் மனம் மாறி, விரட்டப்பட்டவர்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமை தருவதாகச் சட்டம் போட்டது. விண்ணப்பிக்க 2019 வரை அவகாசம். பெரும்பாலோருக்கு ஸ்பானிய மொழித் தேர்வு கட்டாயம்.