முதல் தலைமுறை

"இதைப் போட்டால் நித்திரை வரும் ஆச்சி, வாகனம் ஓடாதேங்கோ."

கிளிநொச்சி பாமசியில் எனக்கு முன்னால் நின்ற ஆச்சிக்குச் சிரிப்பு. "வாகனமோ? நான் மாடு சாய்க்கிறனான், பிள்ளை."

குளோர்பெனிரமின். தும்மலுக்கும் தோல் அரிப்புக்கும் கொடுக்கும் சின்னக் குளிசை, ஒவ்வாமை மருந்துகளில் முதல் தலைமுறை. மூளைக்குள்ளும் புகுந்து, எங்களை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தின் வேலையையும் தடுத்துவிடும். பிறகு வந்த லோரட்டடின் அவ்வளவாக உள்ளே போகாது.

முதல் தலைமுறைக் கைபேசிச் சேவையும் அப்படித்தான். 1979இல் டோக்கியோவில் தொடங்கியது. குரல் மட்டும், அதையும் ஆரும் ஒட்டுக்கேட்கலாம்.

மருந்திலும் போனிலும் குறையை அடுத்தது திருத்தும். ஆட்களில், முதல் ஆளே சுமக்க வேண்டும்.

1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டியவர்கள் அப்படி. அவர்களில் ஒருவரின் பேத்தி இப்போது அறிவியல்நகர் கம்பசில். படிவத்தில் எதை எங்கே நிரப்புவது என்று கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. கம்பசுக்குப் போனதில் அவளும் முதல் தலைமுறைதான்.

தம்பிக்கு அந்தக் கரைச்சல் இராது. மகாபொல உதவிப்பணம், விடுதி எல்லாப் படிவமும் அக்காவே நிரப்பிக் கொடுப்பாள், ரெண்டு ஏச்சும் சேர்த்து.