பிடி தளரட்டும்: ஃபூஸ்பால் மணிக்கட்டுக் குறிப்புகள்

2025 மார்ச் 3, திங்கள்

ஃபூஸ்பால் (கம்பியில் கோத்த பொம்மைகளால் பந்தை அடிக்கும் மேசைக் கால்பந்து) ஆடிவிட்டுக் கை வலிக்கிறது என்றால் முதல் கேள்வி, "எந்த இடத்தில்?" என்பதுதான். "மணிக்கட்டில்" என்று பொதுவாகச் சொன்னால் வைத்தியமும் பொத்தாம்பொதுவாகத்தான் அமையும். விரல் நுனியால் இடத்தைத் தொட்டுக் காட்டிப் பாருங்கள்.

கட்டைவிரல் பக்கம், எலும்பு புடைத்துத் தெரியும் இடத்தில் வலித்தால், கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் ஓடும் உறை தடித்திருக்கலாம். மருத்துவர்கள் இதை டி குவெர்வெய்ன் என்பார்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, முஷ்டியை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் அந்த இடத்தில் சுரீர் என்று இழுக்கும். நல்ல கையிலும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். ஆகவே இரண்டு கையிலும் செய்து ஒப்பிட வேண்டும்.

நாற்காலியின் கையை ஊன்றி எழும்போதும் சாவியைத் திருப்பும்போதும் சுண்டுவிரல் பக்கம் குத்தினால், அங்குள்ள குருத்தெலும்பிலோ பக்கத்துத் தசைநாணிலோ கோளாறு இருக்கலாம். புறங்கைப் பக்கம் வலித்து, முழங்கையின் வெளிமேட்டை அழுத்தினாலும் வலித்தால் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளின் நாண் முழங்கையருகே நைந்திருக்கலாம். டென்னிஸ் எல்போ என்று பெயர் வாங்கியது இதுதான். டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களுக்கும் வரும்.

வலியைவிட மரமரப்பு அதிகமா? கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பு நசுங்குகிறது. மோதிர விரலின் மறுபாதியும் சுண்டுவிரலும் என்றால் அது வேறு நரம்பு. முழங்கையில் அழுந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

நேற்றே எழுதியிருக்க வேண்டியது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி, கிரிப் எல்லாம் அப்புறம், முதலில் மருத்துவர்.

விழுந்து கையை ஊன்றியபின் கட்டைவிரலின் அடியில் உள்ள குழியில் அழுத்தினால் வலி (அங்கிருக்கும் சிறு எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம்). மூட்டு சிவந்து சூடாகி, கூடவே காய்ச்சல். இரவில் எழுப்பிவிடும் மரமரப்பு, அல்லது போகாமல் நிற்கும் மரமரப்பு. கையிலிருந்து பொருள் நழுவி விழுவது. கட்டைவிரல் அடித்தசை மெலிவது. இவை எதுவும் இல்லை, ஆனால் ஆட்டத்தைக் குறைத்து இரண்டு வாரமாகியும் வலி அப்படியே இருக்கிறது என்றாலும் காட்டிவிடுவது நல்லது.

மார்ச் 6, வியாழன்

வலிக்கு எல்லாரும் ஷாட்டைத்தான் குற்றம் சொல்கிறார்கள். ஷாட் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கையைக் கெடுப்பது அதற்கு முந்தைய காத்திருப்பு.

சர்வதேச விதிப்படி ஐந்து பொம்மைக் கம்பியில் பந்தை 10 விநாடியும் மற்றக் கம்பிகளில் 15 விநாடியும் வைத்திருக்கலாம். மூன்று பொம்மைக் கம்பியில் பந்தைப் பின் (pin) செய்துகொண்டு, அதாவது பொம்மையின் பாதத்தால் மேசையோடு அழுத்தி நிறுத்திக்கொண்டு, எதிராளியின் கோல்காப்புப் பொம்மை நகரட்டும் என்று அந்த 15 விநாடியையும் கைப்பிடியை நெரித்தபடி கழிப்பவர்கள் ஏராளம். விரல்களை மடக்கும் தசைகள் இறுக இறுக, மணிக்கட்டு உள்ளே மடங்கிவிடாமல் தடுக்க முன்கையின் மேல்பக்கத் தசைகளும் அதே அளவு இறுகியாக வேண்டும். ஆக, பந்து அசையாமல் நிற்கும்போதும் முன்கை முழு வேலையில் இருக்கிறது. ஒரு மாலை முழுக்க இப்படி ஆடினால் புறங்கைப் பக்கம் வலிப்பதில் ஆச்சரியம் என்ன?

எவ்வளவு இறுக்கம் போதும்? கைப்பிடியை முழு பலத்தோடு பிடிப்பதைப் பத்து என்று வையுங்கள். பந்தைப் பின் செய்து நிறுத்த இரண்டு போதும். இரண்டில் பந்து நழுவினால் கோளாறு கையில் இல்லை. கைப்பிடியிலோ கம்பியிலோ இருக்கிறது.

மார்ச் 8, சனி

கைப்பிடி.

கம்பியைத் திருப்பும் விசை மூன்றைச் சார்ந்தது: எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம், பரப்பு எவ்வளவு சொரசொரப்பு, கைப்பிடி எவ்வளவு தடிமன். பரப்பு வழுக்கினாலோ பிடி மெலிந்திருந்தாலோ அந்தக் குறையை ஈடுகட்ட விரல்கள்தான் கூடுதலாக அழுத்த வேண்டும். வியர்த்த கையோடு வழவழப்பான பிளாஸ்டிக் கைப்பிடியைப் பிடிப்பது இதில் ஆக மோசம்.

மலிவான தீர்வு டென்னிஸ் ஓவர்கிரிப், அதாவது மட்டைப் பிடியின் மேல் சுற்றும் மெல்லிய பட்டை. தடிமன் அரை முதல் முக்கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். சுற்றும் முறை முக்கியம். கைப்பிடியைச் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கம்பியை ஒட்டிய முனையில் தொடங்கி வெளிமுனை வரை, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் மூன்றில் ஒரு பங்கை மூடுமாறு, லேசாக இழுத்துப் பிடித்தபடி சுற்றி, கடைசியில் டேப் ஒட்டுங்கள். இழுக்காமல் சுற்றினால் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கம் உள்ளங்கையை அறுக்கும். ஷாட் அடிக்கும் திசையில் உள்ளங்கை உருளும்போது ஓரம் உரிந்து எழுகிறதென்றால் எதிர்த்திசையில் சுற்றுங்கள்.

தடிமன் சரியா என்று பார்க்க: பிடித்த நிலையில் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கையின் சதைமேட்டுக்கும் நடுவே மறுகையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் பிடி மெலிது, இன்னொரு சுற்று போடலாம். இரண்டு விரல் நுழைந்தால் தடிமன் அதிகம். அதுவும் வலிதான் தரும்.

பொது மேசையில் ஆடுபவர்களுக்குக் கழற்றி மாட்டும் ரப்பர் உறை வசதி. கையுறை போடலாம், ஆனால் தடித்த கையுறை உணர்ச்சியைக் குறைக்கும். உணர்ச்சி குறைந்தால் கை தானாக இறுகும். பளபளப்பாகிவிட்ட கிரிப்பை யோசிக்காமல் மாற்றுங்கள்.

மார்ச் 9, ஞாயிறு

கம்பி. ஒற்றை விரலால் கைப்பிடியின் முனையைத் தள்ளினால் கம்பி சீராக ஓட வேண்டும். நடுவில் சிக்கினால் அழுக்கு அல்லது வளைவு. மெல்லச் சுழற்றி, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பொம்மைகளின் பாதம் ஏறி இறங்கி ஆடினால் கம்பி வளைந்திருக்கிறது. அதைத் துடைத்துப் பயனில்லை.

அழுக்கென்றால் ஐசோபுரோபில் ஆல்கஹாலில் நனைத்த துணியால் கம்பியைத் துடைத்துவிட்டு, பக்கச் சுவரில் கம்பி நுழையும் இடத்தருகே சுத்தமான சிலிக்கான் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு. நாலைந்து முறை தள்ளி இழுத்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தையல் இயந்திர எண்ணெய், கிரீஸ் வேண்டாம்: தூசியைப் பிடித்துக் கொஞ்ச நாளில் பசையாகிவிடும். எண்ணெய் போட்ட கையைச் சோப்பால் கழுவாமல் கைப்பிடியைத் தொட்டால் நேற்றுச் சுற்றிய கிரிப் வீண்.

கம்பியின் இரு பக்கமும் உள்ள ரப்பர் பம்பரையும் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தால், புல் ஷாட்டில் (பந்தை நம் பக்கம் இழுத்து அடிப்பது) கம்பி சுவரில் மோதும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி நேரே மணிக்கட்டுக்கு வரும். சுண்டுவிரல் பக்கம் வலிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

மார்ச் 12, புதன்

நிற்கும் முறை பற்றிச் சுருக்கமாக. கைப்பிடி முழங்கையை விடச் சற்றுத் தாழ இருக்க வேண்டும். மேசை உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு கீழ்நோக்கி மடங்கும். குட்டையானவர்கள் உறுதியான, வழுக்காத பலகைமேல் நின்று ஆடுவதில் வெட்கமே இல்லை.

மேசையை ஒட்டி நிற்பது அடுத்த தவறு. புல் ஷாட்டில் கைப்பிடி உடம்பை நோக்கி வரும். இடமில்லாவிட்டால் முழங்கை விலாவில் முட்டி நின்றுவிடும். மீதி இழுப்பை மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் ஒடிந்துதான் முடிக்கும். இடது காலை முன்னே, வலது காலைப் பின்னே வைத்து அரையடி தள்ளி நின்றால், தோளிலிருந்து இழுக்க இடம் கிடைக்கும்.

மார்ச் 15, சனி

ஸ்நேக் ஷாட். இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்.

பந்தின் முன்பக்கம் நடுப் பொம்மையின் பாதத்தை வைத்துப் பின் செய்கிறோம். மணிக்கட்டின் உட்புறம் கைப்பிடியின் வலப்பக்கத்தில் படிந்திருக்கும், விரல்கள் திறந்திருக்கும். பக்கவாட்டில் ஓடவிட்டு, கையை மேலே தூக்கினால் கைப்பிடி மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வழியாக விரல்களுக்கு உருண்டு வரும். பொம்மை பின்னால் சுழன்று கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று போய்ப் பந்தை அடிக்கும். விரல்கள் அப்போதுதான் மூடிப் பிடித்து நிறுத்துகின்றன. 360 பாகைக்கு மேல் சுழன்றால் விதிமீறல் என்பதால் அந்தப் பிடிப்பு அவசியம்.

கெட்டுப்போவது மூன்று இடத்தில்.

ஒன்று, தொடக்கத்திலேயே முஷ்டியை மூடிக்கொண்டு மணிக்கட்டை முறுக்குவது. மணிக்கட்டால் அவ்வளவு தூரம் திரும்பவே முடியாது. கை உருள வேண்டும், முறுக்கக் கூடாது. தூக்குவது முழங்கையும் தோளும்.

இரண்டு, மணிக்கட்டின் உட்புற மடிப்பைக் கைப்பிடிமேல் சாய்த்து உடம்புப் பாரத்தை இறக்குவது. நரம்பு போகும் வழி அதுவேதான். ஆட்டத்துக்குப் பின் மூன்று விரல் மரத்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். தோல் தொட்டும் தொடாமலும் இருந்தால் பந்து நிற்கும். நிற்கவில்லை என்றால் மார்ச் 8 குறிப்புக்குத் திரும்புங்கள்.

மூன்று, கட்டைவிரலை நீட்டிக் கைப்பிடியின் மேல் விறைப்பாக வைத்திருப்பது. உருண்டு வரும் கைப்பிடியை அந்த விறைத்த கட்டைவிரல் தடுத்து நிறுத்துகிறது. கட்டைவிரல் பக்க வலியின் பிறப்பிடம் பெரும்பாலும் இதுதான். அது மற்ற விரல்களோடு சேர்ந்தே கிடக்கட்டும்.

பழக, பந்து இல்லாமல், கால்வாசி வேகத்தில் இருபது முறை உருட்டினால் போதும். முன்கைத் தசையை மறுகையால் தொட்டுப் பாருங்கள். கை தூக்கும்வரை அது பஞ்சாக இருந்தால் முறை சரி.

மார்ச் 17, திங்கள்

மாத்திரை, ஐஸ். வலி புதிதாக இருக்கும்போது துணியில் சுற்றிய ஐஸ் 10 முதல் 15 நிமிடம் ஆறுதல் தரும். தசைநாணை அது குணமாக்காது. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஆடப்போவது மகா முட்டாள்தனம்: போதும் என்று சொல்லும் ஒரே குரலை அடைத்துவிடுகிறீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து என ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மணிக்கட்டுப் பட்டை இரவில் மரமரப்புக்கு நல்லது, மணிக்கட்டு நேராக இருக்கும்படி. விறைத்த பட்டையோடு ஆடினால் அசைவு முழங்கைக்குப் போய் அங்கே வலிக்கும்.

ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி: டி குவெர்வெய்னுக்கு அது நன்றாகவே கேட்கும். டென்னிஸ் எல்போவில் சில வாரம் சுகம் தந்து, பிறகு ஊசி போடாதவர்களைவிடப் பின்தங்க வைக்கிறது. ஒரே ஊசிதான், இடம் மாறினால் பலனும் மாறுகிறது.

மார்ச் 20, வியாழன்

புறங்கை, முழங்கை வலிக்கான பயிற்சி. மரமரப்புக்கு இது மருந்தல்ல.

முதலில் அசையாப் பயிற்சி. முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை தரை பார்க்க, கை மட்டும் விளிம்புக்கு வெளியே. மறுகையால் புறங்கையைக் கீழே அழுத்துங்கள். அசையவிடாமல் எதிர்த்து நிற்க வேண்டும். 30 முதல் 45 விநாடி, ஐந்து முறை, நடுவே ஒரு நிமிட ஓய்வு.

அது எளிதானதும் அரைக் கிலோ எடை. மறுகையால் மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் நான்கு விநாடியில் மெதுவாக இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். எளிதானால் கால் கிலோ கூட்டலாம். பிறகு சுத்தியல்: பிடியின் கடைசியில் பிடித்து, உள்ளங்கை மேல் பார்க்க, கீழ் பார்க்க, மெல்லத் திருப்புவது பத்து முறை. பாரமாக இருந்தால் தலைப்பக்கம் தள்ளிப் பிடியுங்கள்.

வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் எடையைக் குறையுங்கள், பயிற்சியை விடாதீர்கள்.

மார்ச் 30, ஞாயிறு

திரும்ப ஆடும் வரிசை. அன்றாட வேலைகளில் வலி இல்லாமல் போனபின் ஐந்து பொம்மைக் கம்பியில் பாஸ் மட்டும், 10 நிமிடம். மறுநாள் தொந்தரவில்லை என்றால் அடுத்த முறை 15. அதன்பின் புஷ் ஷாட் (பந்தை எதிர்ப்பக்கம் தள்ளி அடிப்பது), புல் ஷாட், பாதி வேகத்தில். ஸ்நேக் கடைசி.

இரட்டையர் ஆட்டத்தில் முன்வரிசையில் ஆடினால் மூன்று பொம்மைக் கம்பி வலது கைக்கு வரும். வலி அந்தக் கையில் என்றால் சில வாரம் பின்வரிசைக்கு மாறிக்கொள்வது புத்திசாலித்தனம். அங்கே பந்தைப் பின் செய்து காத்திருக்கும் வேலை குறைவு.

போட்டியில் ஒரு கேமுக்கு இரண்டு டைம் அவுட், ஒவ்வொன்றும் 30 விநாடி. அதை வியூகத்துக்கு மட்டும் செலவிடாமல், கைப்பிடியை விட்டுவிட்டு விரல்களை முழுக்க விரித்து மூடுங்கள். பந்து எதிரணியின் பின்கம்பியில் இருக்கும்போதும் வலது கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.