சண்டை வந்தாத்தான் 1915 ஞாபகம் வருமா?

பிரான்ஸ் சட்டத்துல 2001 ஜனவரி 29 தேதி போட்டு ஒண்ணு இருக்கு, மொத்தமே ஒரே வரிதான். 1915ல நடந்த ஆர்மீனிய இனப்படுகொலைய பிரான்ஸ் பகிரங்கமா அங்கீகரிக்குது, அவ்ளோதான். யாரு கொன்னாங்க, எங்க கொன்னாங்க, எத்தன பேருன்னு ஒரு வார்த்தை கிடையாது, அப்ப அந்த ஜனத்த ஆண்ட ஒட்டோமன் சாம்ராஜ்யத்து பேரும் இல்ல, அதுக்கு அப்பறம் வந்த துருக்கி பேரும் இல்ல. கொலை நடந்தது நெஜம்னு ஒத்துக்கறோம் ஆனா கொன்னவன் பேர எழுத மாட்டோம்னு இவ்ளோ ஜாக்கிரதையா எழுதுன சட்டம். அதுக்கே துருக்கி தலைநகர் அங்காரா தன் தூதர திருப்பி கூப்பிட்டுக்கிச்சு, அல்காடெல் கம்பெனிக்கு போக வேண்டிய உளவு சாட்டிலைட் ஆர்டரையும் கேன்சல் பண்ணுச்சு.

இந்தியப் பெருங்கடல்ல இருக்கற பிரெஞ்சு தீவு ரீயூனியன்ல உக்காந்துகிட்டு இத நான் ஏன் எழுதறேன்னா, என் பொண்ணு ட்ருவாஸியெம் (நம்ம ஊர் ஒன்பதாங்கிளாஸ் மாதிரி) படிக்கறா, ப்ரெவே பரிட்சைக்கு ஹிஸ்டரி புக்க தூக்கிகிட்டு சேந்தாந்த்ரேல இருக்கற மாமா வீட்டுக்கு வந்துட்டா, அந்த புக்குல முதல் உலகப்போர் பாடத்துலயே ஆர்மீனியர் கதையும் இருக்கு. மாமா சொல்தா. பாண்டிச்சேரிக்காரங்களுக்கு சொன்னாலே புரியும், பிரெஞ்சு பட்டாளத்துல சர்வீஸ் போட்டு பென்ஷன் வாங்கறவரு, அரசியல்னா சோறு தண்ணி வேணாம் அவருக்கு. சலாஸி மலையிலேர்ந்து வந்த சௌசௌ ஒரு கூடை, பால் ஒட்டாம இருக்க கையில எண்ணெய் தடவிகிட்டு தோல் சீவிகிட்டே பேசறாரு.

"ஏம்மா, துருக்கிக்காரன் 1952லேர்ந்து நேட்டோல இருக்கான், கருங்கடலுக்கு வாசல் அவன் கையில, சிரியாலேர்ந்து வர்ற ஜனத்த ஐரோப்பாக்குள்ள விடாம பிடிச்சு வெச்சிருக்கவன் அவன்தான். நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்களுக்காக இன்னிக்கு உசுரோட இருக்கவங்க பாதுகாப்ப பணயம் வெக்கறதா?"

சும்மா சொல்லக்கூடாது, இது லேசுல தள்ளிட்டுப் போற வாதம் இல்ல. பெரிய பெரிய வெளியுறவு மந்திரிங்களே கோட் சூட் போட்டுகிட்டு இதத்தான் சொல்றாங்க, மாமா சௌசௌ சீவிகிட்டு சொல்றாரு, அவ்ளோதான் வித்தியாசம்.

நடந்தது என்னன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். 1915 ஏப்ரல் 24 ராத்திரி கான்ஸ்டான்டிநோபிள்ல, அதாவது இன்னிய இஸ்தான்புல்ல, ஒட்டோமன் அரசாங்கத்து ஆளுங்க ஆர்மீனிய எழுத்தாளருங்க, வக்கீலுங்க, பாதிரியாருங்கன்னு ஊர்ல பேசக்கூடியவங்களா பார்த்து நூத்துக்கணக்குல பிடிச்சுட்டு போனாங்க, அப்பறம் அனடோலியா முழுக்க ஊர் ஊரா ஜனத்த கிளப்பி சிரியா பாலைவனம், தேர் ஸோர் பக்கம் நடக்க விட்டாங்க. ஆம்பளைங்கள பெரும்பாலும் வழியிலேயே கொன்னாங்க, பொம்பளைங்க குழந்தைங்க பசியில, தாகத்துல, நோயில செத்தாங்க. பத்து லட்சத்துக்கு மேலன்னு வரலாற்று ஆளுங்க பெரும்பாலும் சொல்றாங்க, ஆர்மீனியர் கணக்கு பதினஞ்சு லட்சம். துருக்கி அரசாங்கம் சாவு நடந்தத மறுக்கல, அது போர்க்காலம், ரெண்டு பக்கமும் செத்தாங்க, திட்டம் போட்டு அழிக்கல, அதனால இனப்படுகொலைன்னு சொல்லக்கூடாதுன்னு இன்னி வரைக்கும் நிக்குது.

மாமா சொன்னதுக்கு வரேன். கூட்டாளிய கோவப்படுத்தக்கூடாதுன்னு உண்மைய உள்ள வெச்சுக்கறது நாட்டுக்கு நல்லதுன்னா, அப்படி வெச்சுகிட்ட நாட்டுக்கு என்ன லாபம் வந்துச்சுன்னு ஒரு கணக்கு பாக்கணும் இல்ல? பிரான்ஸையே எடுத்துக்குவோம், ஏன்னா ஆர்மீனியர் விஷயத்துல பிரான்ஸ் அளவுக்கு தூக்கி விட்டுட்டு கீழ போட்ட நாடு வேற இருக்குமான்னு தெரியல.

1915 செப்டம்பர்ல மூசா தாக் மலை மேல ஏறி நின்னு சண்டை போட்ட ஆறு கிராமத்து ஜனத்த, நாலாயிரம் பேருக்கு மேல, பிரெஞ்சு போர்க்கப்பலுங்கதான் கரைக்கு வந்து ஏத்திகிட்டு எகிப்துக்கு, போர்ட் சயீதுக்கு கொண்டு போச்சு. அது பெருமைதான், யாரும் இல்லன்னு சொல்லல. போர் முடிஞ்சதும் இன்னிய துருக்கிக்கு தெற்குல இருக்கற சிலிசியா பக்கம் பிரெஞ்சு படை போய் உக்காந்துச்சு, பிரான்ஸ் இருக்குன்னு நம்பி தப்பிச்ச ஆர்மீனியருங்க எல்லாம் சொந்த ஊருக்கு திரும்பி வந்தாங்க. 1920 பிப்ரவரியில மராஷ் ஊர்ல சண்டை முத்திப்போனதும் பிரெஞ்சு படை ராத்திரியோட ராத்திரியா ஊர விட்டு கிளம்பிடுச்சு, சத்தம் கேக்கக்கூடாதுன்னு குதிரைங்க குளம்புல கம்பளித் துணி சுத்தி. யாருக்கு கேக்கக்கூடாது? எதிரிக்கு மட்டும் இல்ல, நம்பி வந்த ஆர்மீனியருக்கும்தான். எப்படியோ தெரிஞ்சுகிட்டு பின்னாடியே ஓடி வந்தவங்க நிறைய பேரு வழியில பனியில விறைச்சு செத்தாங்க. மறு வருஷம் 1921 அக்டோபர்ல பாரிஸ் அங்காராவோட ஒப்பந்தம் போட்டுகிட்டு சிலிசியாவையே விட்டுட்டு வந்துடுச்சு.

அதோட முடியல. 1939ல ஹிட்லர் பயம் வந்தப்ப துருக்கி நம்ம பக்கம் இருக்கணும்னு அதுவரைக்கும் பிரான்ஸ் கையில இருந்த ஹதாய் பகுதிய துருக்கிக்கு தூக்கி குடுத்தாங்க. மூசா தாக் எங்க இருக்குன்னு நெனைக்கறீங்க? அந்த ஹதாய்லதான். 1915ல கப்பல் அனுப்பி காப்பாத்துன அதே ஜனம், போர் முடிஞ்சு வீடு திரும்பி இருபது வருஷம் ஆகி கொஞ்சம் மூச்சு விட ஆரம்பிச்ச நேரத்துல, மறுபடியும் மூட்டை கட்டிகிட்டு லெபனான்ல அஞ்சார்னு ஒரு இடத்துக்கு போக வேண்டியதாச்சு. சரி இவ்ளோ குடுத்தமே, கூட்டணி உதவுச்சா? அந்த அக்டோபர்ல பிரான்ஸ், பிரிட்டன், துருக்கி மூணும் சேந்து ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க, எட்டு மாசத்துல பாரிஸ்ல ஜெர்மன்காரன் வந்து இறங்கிட்டான், துருக்கி உதவிக்கு வரல, 1945 பிப்ரவரியில போர் முடியப் போற நேரத்துல பேருக்கு போர் அறிவிச்சதோட சரி.

இத சொன்னதும் மாமா "அது அந்தக் காலம்"னாரு. சரி இந்தக் காலம் பாப்போம்.

அமெரிக்காவுல 2000 அக்டோபர்ல, 1915ல நடந்தது இனப்படுகொலைன்னு சொல்ற தீர்மானம் ஓட்டுக்கு வர்ற நேரம், பாதுகாப்பு கெட்டுப்போகும்னு கிளின்டன் கடுதாசி எழுதினதும் சபாநாயகர் வாபஸ் வாங்கிட்டாரு. அமெரிக்கப் படை பயன்படுத்தற இன்ஜிர்லிக் விமான தளம் துருக்கியில இருக்கே. ஒபாமா 2008ல ஓட்டு கேக்கறப்ப நான் வந்தா சொல்லுவேன்னாரு, எட்டு வருஷம் உக்காந்திருந்தாரு, அந்த வார்த்தை மட்டும் வாயில வரல. அப்பறம் 2019 அக்டோபர்ல துருக்கி சிரியா வடக்குல படைய இறக்குச்சு, மூணே வாரத்துல, 29ம் தேதி, அது துருக்கியோட குடியரசு தினம் வேற, கீழவையில 405க்கு 11ன்னு தீர்மானம் பாஸ். பத்தொன்பது வருஷமா பாதுகாப்புக்கு ஆபத்தா இருந்த உண்மை மூணு வாரத்துல ஆபத்து இல்லாம போயிடுச்சா? 2021ல பைடன் அதிபரா சொன்னாரு. இஸ்ரேல் பல வருஷமா வாய மூடிகிட்டு இருந்துச்சு, அங்காராவோட உறவு முழுசா நாசமான பிறகு 2025 ஆகஸ்ட்ல நெத்தன்யாஹு ஒரு பாட்காஸ்ட் பேட்டியில போற போக்குல அங்கீகரிச்சுட்டாரு. காஸா விஷயத்துல அவரு நாட்டு மேலயே இதே குற்றச்சாட்டு நடந்துகிட்டு இருக்கறப்போ.

எனக்கு உறுத்தறது இதுதான். சிநேகம் நல்லா இருக்கறப்ப செத்தவங்க பீரோவுக்குள்ள, சண்டை வந்துட்டா வெளிய எடுத்து எறியற கல்லு. இப்படி எறியறவன பாத்து துருக்கியில இருக்கற சாதாரண ஜனம் என்ன நெனைக்கும், பாரு நம்மள பிடிக்காததாலதான் சொல்றான்னு நெனைக்கும், அது நியாயமான சந்தேகம்தான். சொல்றதா இருந்தா உறவு நல்லா இருக்கறப்பவே சொல்லணும், விலை குடுக்க வேண்டி இருக்கறப்பவே சொல்லணும்.

அந்த வகையில ஜெர்மனி செஞ்சது எனக்கு மரியாதையா படுது. 2016 மார்ச்லதான் அகதிங்க விஷயத்துல துருக்கியோட ஐரோப்பா ஒப்பந்தம் போட்டுச்சு, அது மெர்கலுக்கு எவ்ளோ முக்கியம்னு எல்லாருக்கும் தெரியும், அப்படியும் ஜூன் 2 அன்னிக்கு பார்லிமெண்ட் தீர்மானம் போட்டுச்சு. மெர்கல் அன்னிக்கு ஓட்டுப் போட வரல, அது வேற விஷயம், ஹும். ஆனா அந்த தீர்மானத்துல, 1915ல ஒட்டோமனுக்கு கூட்டாளியா இருந்த ஜெர்மன் சாம்ராஜ்யம் தெரிஞ்சும் தடுக்கல, எங்களுக்கும் பங்கு இருக்குன்னு எழுதினாங்க பாருங்க, அதுதான் பேச்சு. துருக்கி தூதர கூப்பிட்டுக்கிச்சு, ஜெர்மன் எம்பிங்கள இன்ஜிர்லிக்ல இருக்கற தங்களோட வீரருங்கள பாக்க விடாம தகராறு பண்ணுச்சு, 2017ல ஜெர்மனி படைய ஜோர்டானுக்கு மாத்திக்கிச்சு. அகதி ஒப்பந்தம் உடைஞ்சுதா? இல்ல. பிரான்ஸ் விஷயத்துலயும் 2001க்கு அப்பறம் பத்து வருஷத்துல துருக்கியோட வியாபாரம் கூடத்தான் செஞ்சுது.

விலையே கிடையாதுன்னு நான் சொல்லல. விலை சில சமயம் சொன்னவன் வீட்டுக்கு போகாம பக்கத்து வீட்டுக்கு போகுது, அதான் கடல் கடந்த பிரெஞ்சு மண்ணுல இருக்கற எங்கள மாதிரி ஆளுங்க கவனிக்க வேண்டியது. பாரிஸ் ஆர்மீனியா பக்கம் சாய ஆரம்பிச்சதும் (அப்பறம் ரேடார், கவச வண்டி, சீசர் பீரங்கின்னு ஆயுதம் விக்கவும் ஒத்துக்கிச்சு), ஆர்மீனியாவோட சண்டை போட்ட, துருக்கிக்கு சிநேகிதமான அஜர்பைஜானுக்கு எங்க மேல திடீர்னு பாசம் வந்துடுச்சு. 2023ல அவங்க தலைநகர் பாக்கூவுல ஒரு குழு ஆரம்பிச்சு, பிரான்ஸ் கையில இருக்கற மார்த்தினிக், நியூ கலெடோனியா தீவு ஆளுங்கள கூப்பிட்டு காலனி ஆதிக்கம் ஒழிகன்னு கூட்டம் போட்டாங்க, 2024 மே மாசம் நியூ கலெடோனியா தலைநகர் நூமெயாவுல நடந்த கலவரத்துல அஜர்பைஜான் கை இருக்குன்னு உள்துறை மந்திரி தர்மனேன் டிவியிலயே சொன்னாரு, பாக்கூ மறுத்துச்சு. அந்தத் தீவோட பூர்வகுடி கனாக் ஜனத்துக்கு அவங்க குறை உண்மையான குறை, அஜர்பைஜான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. ஆனா பிரான்ஸ் தன் கணக்க தீத்து வெக்காததாலதானே அடுத்தவன் அந்த கணக்கு நோட்ட தூக்கிகிட்டு வரான். 2011ல பாரிஸ், மறுக்கறவங்கள ஜெயில்ல போடணும்னு சட்டம் கொண்டு வந்தப்ப (அத அரசியல் சாசன சபை 2012 பிப்ரவரியில தள்ளுபடி பண்ணிடுச்சு, சரியாத்தான் பண்ணுச்சு, வரலாற போலீஸ் வெச்சு காப்பாத்த முடியாது) எர்டோகன் என்ன சொன்னாரு, நீங்க அல்ஜீரியாவுல செஞ்சது இனப்படுகொலைன்னாரு.

கூட்டாளி கோவிச்சுக்குவான்ங்கறது முழு காரணம் இல்லைன்னு எனக்கு உறுதியா தோண வெச்சது நம்ம தீவோட கதைதான். 1962லேர்ந்து 1984 வரைக்கும் இங்கேர்ந்து 2,015 பிள்ளைங்கள பிரான்ஸ்ல க்ரூஸ் மாதிரி ஆள் குறைஞ்சு போன மாவட்டங்களுக்கு ஏத்தி அனுப்புனாங்க, லீவுல வருவாங்கன்னு அப்பா அம்மாகிட்ட சொல்லி, சிலருகிட்ட படிக்கத் தெரியாத காயிதத்துல கைநாட்டு வாங்கி. பார்லிமெண்ட் இதுல அரசாங்கத்துக்கு தார்மீக பொறுப்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டது 2014 பிப்ரவரி 18. இதுல எந்த நேட்டோ கோவிச்சுக்கும், எந்த கருங்கடல் மூடிக்கும்? சொந்த ஜனத்துகிட்ட சொல்றதுக்கே அவ்ளோ வருஷம். மாமாவால இதுக்கு மட்டும் பதில் சொல்ல முடியல, "அது வேற கதைம்மா"ன்னுட்டு அடுப்ப பாக்கப் போனாரு.

நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் தூரத்து விஷயம்னு தோணும். சென்னையில ஆர்மீனியன் தெருன்னு ஒரு தெருவே இருக்கு, உலகத்துல முதல் ஆர்மீனிய பத்திரிகை 1794ல மெட்ராஸ்லதான் அச்சாச்சு. இந்தியா இப்ப ஆர்மீனியாவுக்கு பினாகா ராக்கெட் விக்குது, 1915 பத்தி மட்டும் அதிகாரபூர்வமா ஒரு வார்த்தை சொல்லல. ஆர்மீனியாவே இப்ப துருக்கி எல்லைய திறக்கணும்னு பாக்குது, உலக நாடுங்க அங்கீகரிக்கறது எங்க முதல் வேலை இல்லைன்னு பிரதமரா இருந்து பஷின்யானே சொல்லிட்டாரு. துருக்கி, அஜர்பைஜான்னு ரெண்டு பக்கம் எல்லை மூடிக் கிடந்த நாட்டுக்காரன் அப்படி சொன்னா நான் குத்தம் சொல்ல மாட்டேன், வயித்துப்பாடு அவனுக்கு. பாரிஸ்க்கு அந்த நெருக்கடி கிடையாது.

முள்ளிவாய்க்கால் விஷயமும் இப்படித்தான் தராசுல ஆடிகிட்டு இருக்கு. கனடா பார்லிமெண்ட் 2022 மே மாசம் மே 18ஐ தமிழ் இனப்படுகொலை நினைவு நாளா ஏத்துக்கிச்சு. பிரான்ஸ்? மக்ரோன் 2023 ஜூலை 28 ராத்திரி கொழும்புல இறங்கினாரு, இலங்கைக்கு போன முதல் பிரெஞ்சு அதிபர், கறுப்பு ஜூலைக்கு நாப்பது வருஷம் ஆன அதே வாரத்துல. பேசுனது இந்தியப் பெருங்கடல், கடன். இந்தியப் பெருங்கடல்ல பிரான்ஸுக்கு என்ன உரிமைன்னா, நாங்கதான், ரீயூனியனும் மயோத்தும். அப்ப எங்கள காட்டி போடற கூட்டுல எங்களுக்கு ஒரு கேள்வி கேக்க உரிமை இல்லையா?

இந்தத் தீவுக்கு பாரிஸ் பார்லிமெண்ட்ல 7 டெபுதே, அதாவது எம்பிங்க, இருக்காங்க. பாரிசும் கொழும்பும் நல்லா பேசிகிட்டு இருக்கற இந்த நேரத்துலயே எங்க தொகுதி டெபுதேக்கு ஒரு லெட்டர் எழுதலாம்னு இருக்கேன். மாமா கையெழுத்து போட மாட்டாராம். பிரெஞ்சுல தப்பு இல்லாம எழுதி வேணா தரேன்னாரு.