தோலுக்கு 94, தாளில் 100

சேலத்தில் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவொன்றில் மருத்துவ இயற்பியலாளராக இருக்கும் நான், திட்டமிடும் கணினி தரும் மானிட்டர் யூனிட்டுகளை, அதாவது இயந்திரம் எவ்வளவு கதிரைச் செலுத்த வேண்டும் என்ற எண்ணிக்கையை, தனியே ஒருமுறை கணக்கிட்டுப் பாராமல் எந்த நோயாளியையும் சிகிச்சை அறைக்கு அனுப்பியதில்லை. அந்தத் தனிக்கணக்கு உண்மையிலேயே தனியானதுதானா என்ற கேள்வி, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் சிகிச்சையின்போதுதான் எனக்கு எழுந்தது.

முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியைத் தணிக்க, முதுகுப்புறத்திலிருந்து ஒரே புலத்தில் (ஒரே திசையிலிருந்து பாயும் கதிரில்), நாளொன்றுக்கு 400 சென்டிகிரே (உடல் ஏற்கும் கதிரின் அலகு) வீதம் 5 நாட்கள் தருவதென மருத்துவர் முடிவு செய்திருந்தார். அத்தனை வலியோடு கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் பேருந்தில் கடந்து இறங்கியவர் என்பதால், அன்றே தொடங்கிவிட வேண்டுமென்று எல்லோரும் விரும்பினோம். தோலிலிருந்து 6 செ.மீ. ஆழத்தில் ஐசோசென்டரை (கதிர் மூலத்திலிருந்து 100 செ.மீ. தூரத்தில் உள்ள, இயந்திரம் சுழலும் மையப்புள்ளி) வைத்து, 6 எம்.வி. (மெகாவோல்ட்) கதிருக்குக் கணினி ஏறத்தாழ 434 யூனிட் தந்தது. திட்டத்தின் அச்சுப்படியில் இருந்த ஆழத்தையும் புல அளவையும் தூரத்தையும் எடுத்துக்கொண்டு, எங்கள் லினாக்கின் (கதிர் தரும் இயந்திரத்தின்) அளவீட்டு அட்டவணைகளை வைத்து நானும் கணக்கிட்டேன். வேறுபாடு ஒரு சதவீதம்கூட இல்லை, கையொப்பமிட்டேன்.

அவரைப் படுக்கவைத்த டெக்னாலஜிஸ்ட்தான், "சார், பிளானில் தோலுக்கு 94 என்று இருக்கிறது, செட்டப் தாளில் 100 என்று எழுதியிருக்கிறதே, எதை வைப்பது?" என்று கேட்டார். கதிர் மூலத்திலிருந்து தோல்வரை இருக்க வேண்டிய தூரம் அது, செ.மீ.யில். 100 வைத்திருந்தால் கட்டி இருக்கும் இடம் 106 செ.மீ.க்குத் தள்ளிப்போயிருக்கும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கதிர் குறைவதால், 400 சேர வேண்டிய இடத்தில் சுமார் 356தான் சேர்ந்திருக்கும். என் கணக்கில் பிழையில்லை. ஆனால் கணினி எண்களை எங்கிருந்து எடுத்ததோ அங்கிருந்தே நானும் எடுத்திருந்தேன். நோயாளி எப்படிப் படுக்கவைக்கப்படப் போகிறார் என்பது இரண்டு கணக்குகளிலும் இல்லை.

தூரம் என்றதும் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரத்து நிகழ்வு நினைவுக்கு வருகிறது. தூரத்துக்கான திருத்தத்தைத் திட்டமிடும் கணினியே செய்துகொண்டிருந்தது அறியாமல், ஊழியர்கள் அதை மறுபடியும் கையால் செய்துவந்தார்கள். 1982 முதல் 1991 வரை சுமார் 1,000 நோயாளிகளுக்குக் குறைவான கதிரே கிடைத்தது. புதிய கணினி வந்து கணக்குகள் ஒத்துப்போகாத பிறகுதான் அது தெரியவந்தது. ஒரே வழியில் எத்தனை முறை கணக்கிட்டிருந்தாலும் அந்தப் பிழை புலப்பட்டிருக்காது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

இப்போது ஆழத்தை சி.டி. படத்தில் நானே அளக்கிறேன். கதிர் அளவை மருத்துவர் எழுதிய தாளிலிருந்து எடுக்கிறேன். 3 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால், காரணம் தெரியும்வரை சிகிச்சை தொடங்குவதில்லை. தூரத்துக்கான கட்டத்தை மட்டும் கணக்குத் தாளில் வெறுமையாக விட்டுவைக்கிறேன். முதல் நாள் நோயாளி படுத்த பிறகு, தோலின்மேல் விழும் ஒளி அளவுகோலைப் படித்து டெக்னாலஜிஸ்ட் அதை நிரப்புகிறார். அதன் பிறகே கையொப்பமிடுகிறேன்.